கோரைக்குளத்தில் கத்திய கரிச்சான்

"சிறுத்தை! சிறுத்தை!" என்று மரத்தின் மேலிருந்து கரிச்சான் குருவி கத்தினான். கூடவே குரங்கின் இருமலும் மயிலின் அகவலும் கேட்டன. கோரைக்குளத்துக் கரையில் மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான் கூட்டம் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது.

மருதாயி என்ற பெண்மானும் ஓடினாள். வாயில் கவ்விய புல்லை விழுங்கக்கூட நேரமில்லை. கோரைப் புல்லுக்குள் படுக்க வைத்திருந்த தன் குட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். தொலைவில் போய் மூச்சு வாங்கி நின்று பார்த்தால், சிறுத்தை வரவில்லை. திரும்பி வந்து நாலு வாய் மேய்வதற்குள், "செந்நாய்! செந்நாய்!" என்று மறுபடியும் பல குரலில் சத்தம். மறுபடியும் ஓட்டம்!

அன்றைக்கு மட்டுமா? கோடை பிறந்ததிலிருந்து இதே பிழைப்புதான். நிம்மதியாக ஒரு மேய்ச்சல் இல்லை, அசைபோட நேரம் இல்லை, கண்மூடித் தூக்கம் இல்லை. மருதாயிக்கு மடி வற்றிக்கொண்டே வந்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்துவிட்டு அழும். இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போனால் குட்டி பிழைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

மானுக்குத் தலை குனிந்தால்தான் மேய்ச்சல். குனிந்தவர்களுக்கு மரத்தில் இருப்பவன்தான் கண். அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு குரல் கேட்டால் காதை நிமிர்த்துவார்கள். குரங்கு, மயில், கடமான் என்று பல குரல் சேர்ந்து கேட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஓட்டம்தான்! ஓடும் வழியும் ஒன்றேதான். உண்ணிச்செடிப் புதர்களுக்கு நடுவே இருந்த குறுகலான சந்து.

குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒருவனும் இருந்தான். நீண்ட காலால் கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, விடிந்ததும் ஒப்பிக்க ஆரம்பிப்பான். "வடக்குக் கரையில சேறு ஆழம்! தண்ணி நேத்தைவிடக் கம்மி! பன்றிங்க வந்து கிழங்கு தோண்டிட்டுப் போயிருக்கு!"

"இதெல்லாம் ஒரு சேதியா?" என்று கொட்டாவி விடுவார் கூட்டத்துக்கு மூத்த ஆண்மான் கொம்பையா. "கரிச்சான் சொன்னா ரத்தம் சூடாகுது. இவன் சொன்னா தூக்கம் வருது!"

கூட்டமே சிரிக்கும். உண்மையைச் சொன்னால், மருதாயியும் சிரித்தவள்தான்.

ஒருநாள் அவளால் ஓட முடியவில்லை. குரங்கு இருமியது. மயில் அகவியது. கடமான் கூவியது. எல்லாரும் பறந்தார்கள். மருதாயிக்கு மட்டும் கால் மடங்கிவிட்டது. 'வருவது வரட்டும்' என்று குட்டியின் பக்கத்தில் படுத்து, மேலே பார்த்தாள்.

மரத்தில் குரங்கு இல்லை. மயில் இல்லை. கீழே கடமானும் இல்லை. கரிச்சான் ஒருவன்தான் உட்கார்ந்திருந்தான். அவன் அலகைத் திறந்தான். குரங்கின் இருமல் வந்தது. மறுபடி திறந்தான், மயிலின் அகவல் வந்தது!

பிறகு கீழே இறங்கினான். மான்கள் மிதித்து ஓடிய புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் பொரியாகத் தெறித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்கினான்.

"அடப்பாவி!" என்று மருதாயி எழுந்தாள். "எங்கடா சிறுத்தை?"

"வரும்! இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு வரும்! உங்க நல்லதுக்குத்தானே தொண்டை வறளக் கத்துறேன்!"

"நீ பார்த்தியா?"

"பார்த்தவங்க சொன்னாங்க!"

"யாரு பார்த்தது?"

"இப்படிக் கேள்வி கேட்டுட்டு நிக்கிறவளைத்தான் சிறுத்தை முதல்ல பிடிக்கும்!" என்று சொல்லிவிட்டு இன்னொரு வெட்டுக்கிளியைக் கொத்தினான்.

மருதாயி நேராகக் கொம்பையாவிடம் போய்ச் சொன்னாள். அவர் நிதானமாகக் கேட்டார்.

"பொய்யின்னே வச்சுக்கோ, மருதாயி. ஓடினா கால் வலிக்கும். ஓடலன்னா உயிர் போகும். எது மேல்? அதுவும் ஒருத்தன் எப்படி நாலு குரல்ல கத்துவான்? நாலு பேர் சொன்னா அதுல ஏதாவது இருக்கும்மா!"

அவர் சொன்னது நியாயம்போல இருந்ததுதான் மருதாயிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுநாள் விடியலில் ஆள்காட்டி கத்தினான். "ஆள் வந்தது! ரெண்டு ஆள்! உண்ணிச் சந்துல சுருக்குக் கம்பி கட்டிட்டுப் போனாங்க! வடக்குக் கரையில சேறு ஆழம்!"

மருதாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமா! நாம ஓடுற சந்துல கம்பியாம்!" என்று ஓடிப்போய்ச் சொன்னாள்.

"யாரு, அந்தச் சேறு பேசுறவனா சொன்னான்?" என்றார் கொம்பையா. எல்லாரும் சிரித்தார்கள்.

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தானே போய்ப் பார்த்தாள். உண்ணி இலைகளுக்கு நடுவே மெல்லிய கம்பி வளையங்கள் வரிசையாகத் தொங்கின. மிரண்ட மான்கள் எந்த வழியாக ஓடும் என்று வேட்டைக்காரர்கள் பார்த்து வைத்திருக்கிறார்கள்!

சொல்வதற்காகத் திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் குரங்கு இருமியது, மயில் அகவியது, கடமான் கூவியது. கூட்டம் கிளம்பிவிட்டது. புதிதாக ஓடக் கற்றிருந்த அவளுடைய குட்டியும் நடுவில் துள்ளிக்கொண்டு சந்தை நோக்கி ஓடியது!

"நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினாள். குளம்புச் சத்தத்தில் யார் காதில் விழும்? ஓடும் மானுக்குக் காது கேட்காது. முன்னால் தூக்கிய வெள்ளை வாலைத்தான் அது பார்க்கும்.

மருதாயி வாலைத் தூக்கினாள். கூட்டத்துக்குக் குறுக்கே பாய்ந்து, கரிச்சானின் சத்தம் வந்த அதே திசையில் திரும்பி ஓடினாள். இன்றைக்கென்று பார்த்து அவன் மெய் சொல்லியிருந்தால்? குட்டியோடு சிறுத்தையின் வாயில் போய் விழ வேண்டியதுதான். இருந்தாலும் ஓடினாள்.

முதலில் ஒரு மான் திரும்பியது. பிறகு பல மான்கள். குட்டியும் திரும்பியது. கொம்பையா மட்டும் திரும்பவில்லை. வாழ்நாளெல்லாம் ஓடிய வழியிலேயே அவர் ஓடினார்.

வெட்டவெளியில் போய் நின்றார்கள். சிறுத்தை இல்லை. வெட்டுக்கிளி தின்றுகொண்டிருந்த கரிச்சான்தான் இருந்தான். அப்போது சந்திலிருந்து ஓர் அலறல் கேட்டது.

கொம்பையாவின் பின்னங்காலில் கம்பி இறுகியிருந்தது. இழுக்க இழுக்க இன்னும் இறுகியது. எல்லாரும் சுற்றி நின்றார்கள். குளம்பால் கம்பியை அவிழ்க்க முடியுமா?

"சிறுத்தை எங்கே, மருதாயி?" என்று கேட்டார்.

"இல்லை, மாமா."

"நாலு பேர் சொன்னாங்களே!"

"ஒருத்தன்தான் மாமா சொன்னான். நாலு குரல்ல சொன்னான்."

அப்போது குளக்கரையிலிருந்து ஆள்காட்டி கத்தினான். "ஆள் வருது! ரெண்டு ஆள்! கிழக்குக் கரையில வருது!"

மான்கள் ஒன்றையொன்று பார்த்து விழித்தன. கொம்பையா தலையை நிமிர்த்தினார்.

"ஓடுங்க! மேற்கே ஓடுங்க! அவன் பார்த்துத்தான் சொல்வான்!"

அதுதான் கொம்பையா கடைசியாகச் சொன்னது. மருதாயி அழுதுகொண்டே குட்டியை முன்னால் விட்டு ஓடினாள்.

அதன் பிறகும் கரிச்சான் கத்தத்தான் செய்தான். மான்களுக்குக் காது விடைக்கும், கால் பதறும். ஆனால், "எங்கே? யாரு பார்த்தது?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பதில் வரும்வரை யாரும் ஓட மாட்டார்கள். வெட்டுக்கிளிகள் புல்லுக்குள்ளேயே இருந்துகொண்டன. வயிறு காய்ந்த கரிச்சான் ஒருநாள் பறந்து போய்விட்டான். இப்போது எந்தப் புல்வெளியில் கத்திக்கொண்டிருக்கிறானோ!

எத்தனை குரல் கேட்டது என்று எண்ணாமல், கண்ணால் பார்த்தது யார் என்று கேட்பவரே தம்மையும் தம் கூட்டத்தையும் காப்பார்.