மேட்டுக் காட்டுச் சம்மதம்

இது நடந்ததுதானா என்ற சந்தேகம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. சொன்னவர் நாச்சிமுத்து. கதையில் அவரும் இருக்கிறார். சந்தேகத்துக்கு அதுதான் காரணம்.

அவருடைய தம்பி சென்னிமலை, மலையடிவாரத்து மடத்துக்குப் போய்வருபவர். மடத்து அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் தம்மை அவருடைய சீடர் என்றுதான் சென்னிமலை சொல்லிக்கொள்வார்.

அன்று அம்மா, சரிவிலிருந்த சென்னிமலையின் மானாவாரிக் காட்டைப் பார்க்க வந்திருந்தார். மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. போன மழை வரப்பை உடைத்துச் செம்மண்ணை வாரிக்கொண்டு போயிருந்தது. இன்னொரு மழை அடித்தால் பாறைதான் மிஞ்சும்.

“அரசாங்கத்துல எத்தனையோ உதவி இருக்குதுங்கறாங்கம்மா. எனக்கு எங்க கிடைக்கும்?”

“வேளாண்மை ஆபீசுல கேட்டீங்களா?”

“கேட்டனுங்க. மண்ணு அரிக்காம கல் வரப்பு போட்டுத் தருவாங்களாம். ஆனா மேட்டுலிருந்துதான் ஆரம்பிப்பாங்களாம். மேட்டுக் காட்டுக்காரர் நாளைக்குள்ள சம்மதிக்கோணுமாம்.”

“மேட்டுக் காடு யாருது?”

சென்னிமலை வானத்தைப் பார்த்தார்.

“அதை விடுங்கம்மா. வேற திட்டம் ஏதாச்சும் இருக்கும். உங்களுக்கு நாலு பேரைத் தெரியும், விசாரிச்சுச் சொல்லுங்க.”

அம்மா சரிவில் மேலே நடந்தார். சென்னிமலை பின்னாலேயே ஓடினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

எல்லைக்கல் வந்ததும் சென்னிமலை நின்றுவிட்டார். பாகம் பிரித்த நாளிலிருந்து அண்ணன் காட்டில் தம்பியோ, தம்பி காட்டில் அண்ணனோ கால் வைத்ததில்லை. பேச்சும் இல்லை. கல்லுக்கு அந்தப் பக்கம், மேட்டுக் காட்டில், நாச்சிமுத்து மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

அம்மா கல்லைத் தாண்டவில்லை. அதைச் சுற்றிக்கொண்டு இறங்கிய கலங்கல் தண்ணீரிலிருந்து ஒரு கை சேற்றை அள்ளினார்.

“இது யாரு மண்ணு?”

“என்னுதுங்க” என்றார் நாச்சிமுத்து. “இத்தனை வருசமா என் மண்ணுலதான் இவன் சோறு திங்கறான்.”

“ஆமா, உன் மண்ணு அப்படியே என் காட்டுல தங்கிட்டுது பாரு!” சென்னிமலை கத்தினார். “உம்பட தண்ணி வந்து என் வரப்பை ஒடைச்சுப்போட்டு ரெண்டு பேர் மண்ணையும் வாரிட்டுப் போகுது!”

“பள்ளத்துல நின்னு கத்தாதடா, மழையில ஒண்ணும் கேக்கல. சொல்றதை மேல வந்து சொல்லு!”

 சென்னிமலை அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“உதவி எங்க கிடைக்கும்னு கேட்டா, வம்புக்கா கூட்டிட்டு வந்தீங்க?”

அம்மா கையைக் கழுவிக்கொண்டார்.

“எங்க கிடைக்கும்னுதானே கேட்டீங்க?”

 சென்னிமலை கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார்.

கல் வரப்பு வேலை மேட்டுக் காட்டிலிருந்தே தொடங்கியது. “அவங்க ரெண்டு பேரும் கல்லுகிட்ட வர்றதுக்கு முந்தியே, சம்மதிக்கலாம்னு நான் முடிவு பண்ணிட்டனப்பா” என்றுதான் நாச்சிமுத்து எப்போதும் கதையை முடிப்பார்.

போன தை மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்.

“முடிவு பண்ணிட்டீங்கன்னா, அதைத் தம்பிகிட்டச் சொல்லாம அந்த மழை வரைக்கும் எதுக்குங்க காத்திருந்தீங்க?”