அக்கரையில் பிறந்த பிரதானி

முன்னொரு காலத்தில், எந்தக் காலம் என்று என்னைக் குடையாதீர்கள், ஒரு பெரிய ஆற்றின் இக்கரையில் ஒரு நாடும் அக்கரையில் ஒரு நாடும் இருந்தன. ராசா வேறு, கொடி வேறு. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் ஓயாமல் நடக்கும். இக்கரை மாப்பிள்ளைக்கு அக்கரையில்தான் பெண் அமையும். அப்படி ஒரு ராசி.

இக்கரையை ஆண்டவர் விசயகண்டர். நல்ல மனிதர்தான், ஆனால் கோபம் வந்தால் முதலில் வாய் பேசும், புத்தி பிறகு வரும். அவருடைய வயதான பிரதானி ஒருநாள், "கண் மங்கிவிட்டது, காசிக்குப் போகிறேன்" என்று விடைபெற்றுக்கொண்டார். உடனே மன்னர் சபையைக் கூட்டினார்.

"தலைமைப் பிரதானியாக நம் விகடகவி நாறும்பூநாதனை நியமிக்கப் போகிறோம். சிரிக்கச் சிரிக்கப் பேசினாலும் நம்மிடம் உண்மையைப் பேசுகிறவன் அவன் ஒருவனே!"

நாறும்பூநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடி மனைவி உலகம்மையிடம் சொன்னான். அவள் கையில் பிடித்த கரண்டியோடு தெருவில் இறங்கி ஊருக்கே சொல்லிவிட்டாள்.

சேனாபதி வல்லபராயருக்கோ வயிறு பற்றி எரிந்தது. அந்த ஆசனத்துக்காக மீசை நரைக்கக் காத்திருந்தவர் அவர். என்ன செய்யலாம் என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது நல்ல நேரம் வாய்த்தது. ஆற்றில் நடந்த படகுப் போட்டியில் அக்கரைக்காரர்கள் மன்னரின் படகைத் தோற்கடித்துவிட்டார்கள். 'அக்கரை' என்றாலே மன்னருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வல்லபராயர் சபையில் எழுந்தார்.

"மன்னா! நாட்டின் உயர்ந்த ஆசனங்களில் இந்த மண்ணில் பிறந்தவர்களே அமர வேண்டும். அயல் மண்ணில் பிறந்தவனுடைய மனம் எந்தக் கரையில் இருக்கும் என்று யார் கண்டார்கள்?"

"சரியாகச் சொன்னீர்!" என்று மன்னர் தொடையில் தட்டினார். "அயல்நாட்டில் பிறந்தவர் எவரும் இந்நாட்டின் உயர்ந்த ஆசனத்தில் அமரக் கூடாது. அமர்ந்திருந்தால் அக்கணமே இறங்க வேண்டும். இது சட்டம்!"

வல்லபராயர் தேன் ஒழுகத் திரும்பினார். "நாறும்பூநாதரே, தாங்கள் பிறந்தது எங்கே?"

"அக்கரையில்தான்... என் அம்மா பிறந்த வீட்டில்" என்றான் அவன்.

மன்னரின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் ராசா வாக்காயிற்றே! நிறைந்த சபையில் துப்பியதை எப்படி விழுங்குவது?

நாறும்பூநாதனோ கைக்குழந்தையாகத் தாயின் மடியில் ஆற்றைக் கடந்து வந்தவன். இந்தத் தெருக்களில் விழுந்து எழுந்துதான் நடக்கப் பழகினான். அவனைப் போய் அயலான் என்றால் வலிக்காதா? ஆனாலும் அவன் லேசுப்பட்ட ஆளா என்ன! மெல்லக் கேட்டான்.

"மன்னா, இந்தச் சட்டத்துக்கு விலக்கு உண்டா?"

"எவருக்கும் கிடையாது!" என்று வல்லபராயர் முந்திக்கொண்டார். மன்னரும் வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

"அடியேன் பணிகிறேன். ஒரே ஒரு விண்ணப்பம். சட்டம் எல்லோருக்கும் தெரிய வேண்டாமா? தண்டோராக்காரரை நானே அழைத்துப் போகிறேன்."

"போ, எங்கே வேண்டுமானாலும் முழங்கச் சொல்" என்றார் மன்னர், அவன் முகத்தைப் பாராமல்.

மறுநாள் அரண்மனையில் ராணி செங்கமலத்துக்கு வளைகாப்பு. தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப் போக அக்கரையிலிருந்து தாய்வீட்டார் அலங்கரித்த படகில் வந்திருந்தார்கள். பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அந்தப்புர வாசலில் 'டம் டம்' என்று பறை முழங்கியது. சட்டம் ஒரு வார்த்தை விடாமல் ஒலித்தது.

நாறும்பூநாதன் உள்ளே வந்து கைகூப்பினான். "தாயே, படகைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பிள்ளை அக்கரையில் பிறந்தால் சிம்மாசனம் ஏற முடியாது."

"என்னது! தலைப்பிரசவத்துக்கு நான் எங்க அம்மா வீட்டுக்குப் போகக் கூடாதா?" ராணிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

மன்னரின் தாயார் பெரியராணி சந்தனக் கையோடு எழுந்தார். "எவன்டா அவன் சட்டம் போட்டவன்?"

"தங்கள் திருமகனார்தான்!"

அவ்வளவுதான். மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியராணி நேரே சபைக்குள் நுழைந்தார். பின்னாலேயே வளையல் குலுங்க ஒரு பெண் படை.

"ஏண்டா விசயகண்டா! என் மருமக புள்ளைய எங்கடா பெத்துக்கணும்? இந்தச் சபையிலயா? தலைப்புள்ளைய மாமியார் வீட்டுல பெத்தவ நம்ம வம்சத்துல உண்டா? உன்னையே நான் அக்கரையில எங்கம்மா வீட்டுலதானே பெத்தேன்!"

நாறும்பூநாதன் சிம்மாசனத்தின் அருகே போய்ப் பணிவாகக் கையை நீட்டினான்.

"மன்னா, படி வழுக்கும். மெதுவாக இறங்குங்கள்."

"நான் ஏனப்பா இறங்க வேண்டும்?"

"அமர்ந்திருந்தால் அக்கணமே இறங்க வேண்டும் என்பது தாங்கள் போட்ட சட்டம். விலக்கு எவருக்கும் இல்லை என்று சேனாபதியாரும் சொன்னாரே!"

அம்மா வீட்டை அயல்நாடு என்று யாராவது நினைப்பார்களா? அதனால்தான் தாங்களும் அக்கரையில் பிறந்தவர்களே என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மன்னர் பாதி எழுந்து நின்றார். மூலையில் அவருடைய தம்பி உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பிள்ளையாதலால் அரண்மனையிலேயே பிறந்தவர். சேவல் சண்டை தவிர உலகத்தில் எதுவும் அறியாதவர். அவர் கக்கத்திலிருந்த சேவலை இறக்கிவிட்டு, மீசையை முறுக்கி, சிம்மாசனத்தை ஒரு பார்வை பார்த்தார். ஐயோ, இவரா அடுத்த ராசா என்று சபை பதறியது.

"வல்லபராயரே, தாங்கள் வீட்டில் மூத்தவரா, இளையவரா?" என்றான் நாறும்பூநாதன்.

"மூ... மூத்தவன்."

"அம்மாவுக்கு எந்த ஊர்?"

வல்லபராயர் ஆசனத்திலிருந்து தானாகவே நழுவிக் கீழே நின்றார். அவரைப் பார்த்து இன்னொருவர், அப்புறம் இன்னொருவர் என்று சபையிலிருந்த தலைப்பிள்ளைகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

மன்னர் தாயைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், தம்பியின் மீசையைப் பார்த்தார். குபீரென்று சிரிப்பு வெடித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கெட்டேன் போ! சட்டம் போட்டு என்னையே சிம்மாசனத்திலிருந்து இறக்க இருந்தேனே! நீயே சொல், உயர்ந்த ஆசனத்துக்கு யார்தான் தகுதி?"

"எங்கே பிறக்கலாம் என்று கேட்டுக்கொண்டு யாரும் பிறப்பதில்லை, மன்னா. அதை அம்மா வீட்டார் பார்த்துக்கொள்கிறார்கள். நாட்டுக்கு ஒரு கஷ்டம் என்றால் ஓடம் ஏறி ஓடாதவன் எவனோ, அவனை உட்கார வையுங்கள்."

மன்னர் அங்கேயே சட்டத்தை ரத்து செய்தார். தம் கழுத்து முத்துமாலையை நாறும்பூநாதனுக்கு அணிவித்து, கையைப் பிடித்துப் பிரதானி ஆசனத்தில் அமர்த்தினார். வல்லபராயருக்கும் ஒரு பணி கொடுத்தார்: ராணியின் சீர்வரிசைக் கூடைகளைத் தலையில் சுமந்து படகில் ஏற்ற வேண்டும்.

படகு கிளம்பியது. கரையில் உலகம்மை குலவை போட்டாள். ராணி எழுந்து நின்று கூவினாள்.

"பிரதானியாரே! நான் புள்ளையோட திரும்பி வர்ற வரைக்கும் இவர் வாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க!"

"பிரதானி வேலையே அதுதானே, தாயே!" என்றான் நாறும்பூநாதன்.

கரையில் நின்றவர்களில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் மன்னர்தான்.