எரிக்க வந்தவன் கழற்றிய கூரை

கேளுங்க பிள்ளைகளா, தட்டில் போட்ட சோறு ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

வெகு காலத்துக்கு முன், வடக்குக் கடலில் பனி கொட்டும் ஒரு தீவு. அங்கே மரம் வளராது. அதனால் புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிச் சுவர் எழுப்புவார்கள். கூரைக்கு மட்டும், கடல் ஒதுக்கிப்போகும் மரங்களைப் பொறுக்கி உத்திரம் போடுவார்கள்.

அந்தத் தீவில் ஸ்கெகி என்றொரு பெரிய மனிதன். இடுப்புவரை தாடி, மூக்கு நுனியில் கோபம். அந்தத் தாடியைப் பிரித்தால் இரண்டு மீன்வலை பின்னலாம் என்று ஆரி என்ற மீனவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டான். ஊரே சிரித்தது.

பகை முற்றினால் ஆளை உள்ளே வைத்து வீட்டைக் கொளுத்துவது அந்த ஊர் வழக்கம். ஸ்கெகி ஊர்க்கூட்டத்தில் எழுந்து மார்தட்டினான். ஆரியை அவன் வீட்டுக்குள்ளேயே எரிப்பானாம். நெருப்பைத் தவிர வேறெந்த ஆயுதத்தாலும் தொடமாட்டானாம். இது சத்தியமாம்.

மறுநாள் காலை, இருபது ஆட்களோடும் தீப்பந்தத்தோடும் வந்து வீட்டை வளைத்தான்.

கொளுத்துவதற்கும் ஒரு முறை உண்டு. பெண்களும் பிள்ளைகளும் வெளியே வந்துவிடலாம். பெண்ணின் சீதனத்தையும் எரிக்கக்கூடாது. மீறினவனை யாரும் மனிதனாக மதிக்கமாட்டார்கள்.

ஆரியின் மனைவி யோருன், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆரி உள்ளேயே இருந்தான். அவள் தன் தறியும் அண்டாவும் உள்ளே இருப்பதாகச் சொன்னாள். ஆட்கள் தூக்கிவந்தார்கள்.

பிறகு கட்டில், பெட்டி, கதவு என்றாள். முணுமுணுத்துக்கொண்டே அவற்றையும் தூக்கிவந்தார்கள்.

"அவ்வளவுதானே?" என்றான் ஸ்கெகி.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு இருக்கு அண்ணே. கூரை."

"கூரையா?"

"எங்கப்பா மூணு குளிர்காலம் கடற்கரையில கிடந்து பொறுக்கின மரம். கல்யாணச் சீர். ஊரே சாட்சி."

ஸ்கெகி தாடியைப் பிய்த்துக்கொண்டான். வேறு வழி? இருபது பேரும் மேலே ஏறி, ஒவ்வொரு உத்திரமாக இறக்கினார்கள். முனை உடையாமல் பார்த்து இறக்கும்படி யோருன் கீழே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

உச்சிவேளைக்கு, வானம் பார்த்த நாலு மண்சுவருக்குள் ஆரி உட்கார்ந்திருந்தான். ஸ்கெகி ஒரு சுவரில் பந்தத்தை வைத்தான், ஈரமண் புஸ்ஸென்றது. இன்னொரு சுவரில் வைத்தான், அதுவும் புஸ். கடைசியில் பந்தத்தை ஆரிமேலேயே வீசினான். ஆரி சற்று நகர்ந்து, அதில் குளிர் காய்ந்துகொண்டான்.

ஈட்டியால் குத்திவிடலாமா என்று ஓர் ஆள் கேட்டான். சத்தியம் இருக்கிறதே! இருபது பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அதற்குள் மேகம் திரண்டது.

"எடுத்தவங்கதான் அண்ணே திரும்ப வைக்கணும். சீதனம் நனைஞ்சா, கெடுத்தவன்னு உங்களுக்குத்தான் பேரு" என்றாள் யோருன்.

மழைக்கு முன் கூரை ஏறிவிட்டது. கூரை இருந்தால் அது சீதனம், எரிக்கக்கூடாது. கூரை இல்லாவிட்டால் எரிக்க எதுவுமே இல்லை. சத்தியத்தைக் கைவிடவில்லை, தள்ளித்தான் வைத்திருக்கிறேன் என்று ஸ்கெகி சாகும்வரை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

கோபத்தில் வீறாப்பாகச் சத்தியம் செய்கிறவன், கடைசியில் எதிரி வீட்டுக்கே சம்பளமில்லாத வேலைக்காரன் ஆவான்.