பேட்டரியைப் பற்றிப் பல்லி சொன்னது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் முருகன் கோயிலில் பூக்கட்டும் செண்பகவல்லி அக்கா. போன ஐப்பசியில், சஷ்டி விரதத்தின் மூன்றாம் நாள், பசி தெரியாமல் இருக்கட்டும் என்று சொன்னார். அவருடைய மருமகன் வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஓட்டுகிறவர். கதையைக் கேட்டு வீட்டில் எல்லாரும் சிரித்தார்களாம், அவர் ஒருவரைத் தவிர.

ஆவாரங்காட்டில் ஒரு பெரிய குளம். கரையில் ஒரு குரங்கு. அந்தக் குரங்கிடம் ஒரு ட்ரோன் இருந்தது! யாரோ கொட்டகையில் விட்டுவிட்டுப் போனது. கூரையில் சோலார் தகடு. வெயில் அடித்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்.

பேட்டரியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். நாலும் எரிந்தால் முழுச் சார்ஜ். ஒன்றுதான் எரிந்தால், தரையை விட்டுக் கிளம்பக்கூடாது. குழந்தைக்குக்கூடப் புரியும். அதனாலேயோ என்னவோ, குரங்கு அதை ஒருநாளும் அழுத்தியதில்லை. பைலட் அல்லவா! குனிந்து விளக்கு எண்ணினால் மரியாதை என்ன ஆவது?

ட்ரோனில் பேட்டரி இருந்த பெட்டிக்குள் ஒரு பல்லி குடியிருந்தது. அது மட்டும் தினமும் பொத்தான் மேல் ஏறி நிற்கும். விளக்கை எண்ணும்.

அந்த வருஷம் அடைமழை. நாலு நாளாகச் சூரியனைக் காணோம். ஒரு மத்தியானம் குளம் திடீரென்று பெருகியது. நடுக்குளத்து மேட்டில் முயலின் மூன்று குட்டிகள். இரை தேடக் கரைக்கு வந்திருந்த முயலுக்கு இனி நடந்து திரும்ப வழியில்லை. மேடு ஒரு கட்டில் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

முயல் ஓடி வந்து குரங்கின் காலைப் பிடித்தது.

"அண்ணே! நான் ஒருத்தி நீந்திப் போயிடுவேன். மூணையும் எப்படித் தூக்கிட்டு வருவேன்? உங்க ட்ரோனை அனுப்புங்க!"

"அழாதே தங்கச்சி! ட்ரோன்ல கூடையைக் கட்டுறேன். போய் மேட்டுல இறக்குறேன். குட்டிங்க ஏறி உட்கார்ந்தா போதும். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்!"

"முடியாது!" என்றது நரி. அதுதான் காட்டுக்குச் சகுனம் பார்க்கிற பெரியவர். "மணி என்ன ஆகுது? எமகண்டம்! அரை மணி போகட்டும்."

"மாமா, தண்ணி ஏறுதே!"

"தண்ணிக்கு எமகண்டம் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல?"

தெரிந்தவர்கள் சும்மா இருப்பார்களா? காடே கூடியது, பூசை தொடங்கியது. ட்ரோனுக்குச் சந்தனம், குங்குமம். கால் ஒவ்வொன்றின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம். கழுத்து எது என்று தெரியாததால் நாலு பக்கமும் மாலை.

"இறக்கை சுத்திக்கிட்டே இருக்கட்டும்டா! பார்க்க லட்சணமா இருக்கும்" என்றது நரி.

இறக்கை சுற்றியது. இருந்த கொஞ்சம் சார்ஜும் லட்சணமாகக் கரைந்தது.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. பெட்டியின் கிழக்குப் பக்கம் வந்து கத்தியது.

"ஒரே ஒரு விளக்குதான் எரியுது! பறக்க விடாதீங்க!"

எல்லாரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். நரி கையெடுத்துக் கும்பிட்டது.

"கேட்டீங்களா? கிழக்கே பல்லி சொல்லிடுச்சு! போற காரியம் ஜெயம்!"

"அது என்னமோ விளக்குன்னு சொல்லுச்சே மாமா?" என்று கேட்டது முயல்.

"என்ன சொல்லுச்சுங்கறது முக்கியமில்லம்மா. எங்கிருந்து சொல்லுச்சுங்கறதுதான் முக்கியம்."

பல்லி தெற்குப் பக்கம் ஓடியது. "அட, சார்ஜ் இல்லைங்கறேன்! வயசான பேட்டரி! முந்தாநாள் நரியோட பொறந்தநாளுக்கு மூணு சுத்து விட்டீங்களே, அப்பவே காலி!"

"தெற்கே! சுபச் செய்தி!" என்று நரி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"வடக்கே வந்து சொன்னா என்ன பலன்?" என்று மேற்குப் பக்கம் ஓடியபடியே பல்லி எரிச்சலோடு கேட்டது.

"மேற்கே கேக்குது! அது இன்னும் விசேஷம்!"

வேறு வழி தெரியாமல் பல்லி தாவிக் குரங்கின் தலை மேலேயே விழுந்தது. காதுக்குள் சொன்னாலாவது ஏறுமா என்று பார்த்தது. ஏறவில்லை.

"ஐயையோ, தலையில பல்லி! கலகம்! போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா!" என்று நரி அலறியது.

குரங்கு குளிக்கப் போனது. நன்றாகத் தேய்த்துக் குளித்தது. அதற்குள் மேடு ஒரு முறத்தின் அகலமாகிவிட்டது. மூன்று குட்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. கரையில் முயல் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றது. அதற்கு எந்தக் கண்டமும் காதில் விழவில்லை.

ஒருவழியாக நல்ல நேரம் பிறந்தது. குரங்கு ஈரத் தலையோடு வந்து, மூங்கில் கூடையை ட்ரோனில் கட்டி, கண்ணை மூடி, "எல்லாம் நல்லபடியா நடக்கணும்" என்று வேண்டிக்கொண்டது. கண்ணைத் திறந்து கீழே பார்த்திருந்தால் அந்த ஒரு விளக்கும் அணைந்து அணைந்து எரிந்தது தெரிந்திருக்கும். குரங்கு வானத்தைத்தான் பார்த்தது.

ட்ரோன் எழும்பியது! நாலு எலுமிச்சம்பழமும் உருண்டோடின. எல்லாரும் கை தட்டினார்கள். பாதித் தூரம் போனதும் ட்ரோன் 'கீக், கீக்' என்று கத்தத் தொடங்கியது.

"பார்த்தீங்களா, அதுவே மங்கள வாத்தியம் வாசிக்குது!" என்றது நரி.

நல்ல ட்ரோன் அது. ஆட்டம் போடவில்லை, குட்டிக்கரணம் அடிக்கவில்லை. சார்ஜ் தீர்ந்ததும் என்ன செய்யச் சொல்லி அதைச் செய்தவர்கள் சொல்லியிருந்தார்களோ, அதை அப்படியே செய்தது. மெதுவாக, மரியாதையாக, நடுக்குளத்தில் இறங்கியது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாவற்றோடும் முங்கியது.

கரையில் கை தட்டல் நின்றது.

நரிதான் முதலில் வாய் திறந்தது. "அந்த எலுமிச்சம்பழத்துல ஒண்ணு சொத்தையா இருந்திருக்கணும்."

"மாலை கனம்" என்றது குரங்கு. "நான் அப்பவே நினைச்சேன்."

அப்போது கொட்டகைக் கூரையிலிருந்து பல்லி கத்தியது.

"கயிறு அவிழ்ந்து கூடை மிதக்குது!"

நரி காதைத் தீட்டிக்கொண்டது. "இரு, இரு! இது எந்தத் திசை? மேற்கா, வடமேற்கா?"

முயல் திசை கேட்க நிற்கவில்லை. பல்லி சொன்னது என்ன என்பது மட்டும் அதற்குப் போதும். ஒரே தாவு! தண்ணீரை உதைத்துக்கொண்டு போய்க் கூடையைப் பிடித்தது. மூக்கால் முட்டி முட்டி மேட்டுக்குத் தள்ளியது. அங்கே மேடு என்று ஒன்றும் இல்லை. மூன்று ஜோடிக் காதுகள் மட்டும் தண்ணீருக்கு மேல் நின்றன. காதைக் கவ்வி ஒவ்வொன்றாகக் கூடைக்குள் போட்டது. கடைக்குட்டி இருமி இருமித் தண்ணீரைக் கக்கியது. பிறகு அம்மாவின் மூக்கை நக்கியது.

கூடை கரை சேர்ந்தபோது முயலுக்கு நிற்கத் தெம்பில்லை. நரி முன்னால் வந்து மீசையை முறுக்கியது.

"நான் சொன்னேனா இல்லையா? கிழக்கே பல்லி சொன்னா ஜெயம்!"

முயல் நனைந்த குட்டிகளை அணைத்தபடி பல்லியைத் தேடியது.

"அக்கா, நீங்க சொன்னதை முன்னாடியே நான் காதுல வாங்கியிருக்கணும்."

"பரவாயில்ல தங்கச்சி" என்றது பல்லி. "இத்தனை வருஷத்துல நான் சொன்னது என்னன்னு கேட்ட முதல் ஆள் நீதான்."

புறப்படும் முன் பேட்டரியைப் பார்க்காதவனுக்கு எந்த நல்ல நேரமும் நடுவானில் சார்ஜ் ஏற்றித் தராது.

நானும் விளக்கேற்றிக் கும்பிடாமல் வாசல் தாண்டாதவள்தான். உங்களைக் கும்பிட வேண்டாம் என்று சொல்வேனா? ஒன்றே ஒன்று கேட்கிறேன். நாளைக்கு எதைப் பறக்க விட்டாலும், கும்பிட்ட கையோடு அந்தப் பொத்தானையும் ஒரு தரம் அழுத்தி, எத்தனை விளக்கு எரிகிறது என்று எண்ணிவிடுங்கள்.