கத்தரிக்காய்க்குக் கட்டியம்

செங்குளம் சமஸ்தானத்தில் ராஜா கோதண்டபூபதி எங்கே புறப்பட்டாலும் அவருக்கு முன்னால் ஒரு குரல் புறப்படும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் தாண்டவராயன், அரண்மனைக் கட்டியக்காரன். "ராஜாதி ராஜர், ராஜ கம்பீரர், எதிரிகளின் தூக்கத்தைக் கெடுத்தவர் வருகிறார், பராக், பராக்" என்று அவன் எடுத்துவிட்டால் படுத்திருப்பவன் எழுந்து நிற்பான், நிற்பவன் கைகட்டுவான். அந்த ஊர் வழக்கம் அப்படி.

குரல்தான் பெரிசு. சம்பளம் சின்னது. அரண்மனையில் அளக்கிற நெல் பாதி மாதத்திலேயே தீர்ந்துவிடும். வீட்டில் வாய்கள் அதிகம், அத்தனையும் அப்பனுடைய தொண்டையோடு பிறந்தவை. பசித்து அழுதால் கோட்டை வரைக்கும் கேட்கும். பார்த்தான் தாண்டவராயன். சபை இல்லாத நேரத்தில் சந்தைக்குப் போய், காய்க்காரி சடையாயியின் கடை முன்னால் நின்று கட்டியம் கூற ஆரம்பித்துவிட்டான்.

"காய்களில் கம்பீரர், காம்பு பசுத்தவர், புழு என்பதையே அறியாதவர் வருகிறார், பராக். புழு இருந்தால் ஒரு காய்க்கு ஒரு கூடை தரப்படும், பராக், பராக்."

சந்தையே எழுந்து கைகட்டி நிற்கும். பழக்கதோஷம். எழுந்ததுதான் எழுந்தோம் என்று ஆளுக்கு அரை வீசை கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு போவார்கள். மாலையில் சடையாயி கொஞ்சம் காசும் ஒரு கூடைக் காயும் கொடுப்பாள். எப்போதாவது யாராவது புழுவோடு வந்து நின்றால் தாண்டவராயன் அந்தக் கூடையை அவர்களிடம் நீட்டிவிடுவான். மற்றபடி வீட்டில் அழுகை நின்றது.

ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்திருந்தார். சபை நிறைந்திருந்தது. ராஜா வாசலில் தோன்றினார். காலையிலிருந்து சந்தையில் கத்திவிட்டு ஓடிவந்திருந்த தாண்டவராயன் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"ராஜாதி ராஜர், ராஜ கம்பீரர், காம்பு பசுத்தவர், புழு என்பதையே அறியாதவர்..."

தூதர் மீசையைத் தடவுகிற சாக்கில் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாவின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

தூதர் போனதும் விசாரணை நடந்தது. பொக்கிஷக்காரர் அனந்தப்பர் முந்திக்கொண்டார். தனக்கும் சபையில் இரண்டு பட்டம் கூவச் சொல்லி, தாண்டவராயன் மறுத்த நாளிலிருந்து அவருக்கு அவனைக் கண்டால் ஆகாது.

"மகாராஜா, இவன் குரலுக்கு மதிப்பு வந்ததே தங்கள் பெயரைக் கூவியதால்தான். அது அரண்மனைச் சொத்து. அதைச் சந்தையில் வாடகைக்கு விட்டிருக்கிறான். இவன் தொடர்ந்து அங்கே கூவட்டும். வருகிற வரும்படி முழுவதும் பொக்கிஷத்துக்கு வந்து சேரட்டும்."

"நியாயம்தான். அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தாண்டவராயன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். தொண்டை கிழியக் கத்துவது அவன், காயும் காசும் அரண்மனைக்கு. பிள்ளைகள் மறுபடி அழப்போகிறார்கள். தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான்.

"மகாராஜா சொன்னால் மறுப்பேது? ஒரு சின்னச் சந்தேகம். சந்தையில் நான் சொல்லும் சொல்லும் இனி அரண்மனைச் சொல்தானே?"

"பின்னே உன் சொல்லா? உனக்கு அங்கே என்ன இருக்கிறது?" என்றார் அனந்தப்பர்.

"ரொம்ப சந்தோஷம். ஊருக்கும் அதைச் சொல்லிவிடுகிறேன்" என்று கும்பிட்டுவிட்டு நேரே சந்தைக்குப் போனான்.

"இன்று முதல் இது மகாராஜாவின் குரல். இதன் வரும்படி மகாராஜாவுக்கு. புழு இருந்தால் ஒரு காய்க்கு ஒரு கூடை. தருபவரும் மகாராஜாவே, பராக், பராக்."

தருவது ராஜா என்றதும் வீட்டுக்கு வீடு காயைப் பிளந்து புழு தேடினார்கள். மறுநாள் விடிந்தபோது அரண்மனை வாசலில் ஊரே நின்றது.

"நீங்கதான பொக்கிஷம்? கூடைய எடுங்க சாமி" என்று அனந்தப்பரைப் பிடித்துக்கொண்டாள் முன்னால் நின்ற பெண். "புழுவே இருக்காதுன்னு ராசா சொன்னாரு. இதப் பாருங்க, நெளியுது."

அவளுக்குப் பின்னால் ஒரு ஆள் வெற்றிலையில் புழுவை மட்டும் வைத்துக்கொண்டு நின்றான். "காயக் கொழம்பு வச்சிட்டோம் சாமி. சாட்சிக்கு இவரக் கூட்டியாந்தேன்."

வெண்டைக்காயோடு வந்தவனும் இருந்தான். அதுவும் காய்தானே என்பது அவன் கட்சி.

அனந்தப்பர் வேறு வழியில்லாமல் சடையாயியிடம் ஆள் அனுப்பிக் கூடை கூடையாக வாங்கினார். அவள் விலையை ஏற்றினாள். ஏற்றிய விலைக்கு வாங்கிக் கொடுத்த காயிலும் புழு இருந்தது. வாங்கிப்போனவர்கள் பாதி வழியில் காயைப் பிளந்து பார்த்துவிட்டு, திரும்பி வந்து மறுபடி வரிசையில் நின்றார்கள். அனந்தப்பரின் தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்கியது. அதைக் கட்டிக்கொள்ளக்கூட அவருக்கு நேரமில்லை.

ராஜா உப்பரிகையிலிருந்து பார்த்தார். தாண்டவராயனைச் சபைக்குக் கூப்பிட்டார்.

"என்னடா இது கூத்து?"

"தங்கள் வரும்படி, மகாராஜா. காலையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது."

"போதும். குரலை நீயே வைத்துக்கொள். காசும் உன் பாடு, புழுவும் உன் பாடு. சபைக்கு மட்டும் நேரத்தோடு வந்து சேர்."

தாண்டவராயன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டான். சந்தோஷத்தில் அவன் கண் கலங்கிவிட்டது. எழுந்து இரண்டடி வைத்திருப்பான், ராஜா நிறுத்தினார்.

"இரு. ஒரு கத்தரிக்காய்க்கு அவ்வளவு தைரியமாகக் கூவுகிறாய். ஒன்று பொய்யானாலும் ஒரு கூடை தருகிறேன் என்கிறாய். இத்தனை வருஷமாக எனக்கும் பட்டம் கூவுகிறாயே, ஒருநாளாவது அப்படிச் சொல்லியிருக்கிறாயா?"

தாண்டவராயன் கையைப் பிசைந்துகொண்டு சொன்னான்.

"அவ்வளவு கூடைக்கு ஏழை நான் எங்கே போவேன், மகாராஜா?"

சபையில் எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் ராஜாதான். கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும், இவனுக்கு இன்றே நெல்லை இரட்டிப்பாக அளந்து கொடுங்கள் என்றார். அளக்க வேண்டிய அனந்தப்பரைத்தான் காணவில்லை. அவர் இன்னும் வாசலில் வெண்டைக்காய்க்காரனோடு வாதாடிக்கொண்டிருந்தார்.