தொட்டி நிரப்ப நல்ல நாள்

கரிசல் காட்டு நடுவில் உலகம்மாளின் மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தைத் தேட வேண்டாம். ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, சாலையோரம் ஒரு கல் தொட்டி, அவ்வளவுதான். உலகம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. சீடராக வந்து சேர்ந்த ஆவுடையப்பனுக்கு அறுபது. குரு சீடரை 'அண்ணாச்சி' என்பாள், சீடர் குருவை 'அம்மா' என்பார். இருவருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஆவுடையப்பன் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தீர்மானம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மூக்குப்பொடியை விடுகிறேன் என்பார், விடியற்காலையில் நடக்கப் போகிறேன் என்பார். ஆரம்பம் அமர்க்களமாக இருக்கும். ஒரு வாரத்தில் காற்றுப் போய்விடும்.

மடத்துக்குக் கிளம்பியபோது அவர் மனைவி கோமு சிரித்தாள்.

"உங்க தலகாணிய எடுத்து உள்ள வைக்கல. எப்படியும் பத்து நாள்ல வந்துருவிய."

அவருக்குச் சுருக்கென்றது. இந்தத் தடவையும் முடியாமல் போனால் இனி உயிருள்ளவரை எந்தத் தீர்மானமும் எடுப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் தனக்கான வேலையைத் தானே சொல்ல வேண்டும். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், அதைச் செய்ய வேண்டும். ஒருவர் ஏற்றுக்கொண்ட வேலையில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. குருவும்கூடத்தான்.

"விடியுமுன்ன தொட்டி நெறையத் தண்ணி எறச்சு ஊத்துதேன். போற வார ஆடுமாடு குடிக்கட்டும்" என்றார் ஆவுடையப்பன்.

"சரி" என்றாள் உலகம்மாள்.

மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். காப்பு அவருடைய யோசனை. உலகம்மாள் கேட்கவில்லை.

எட்டு நாள் நடந்தது. ஒன்பதாம் நாள் தூங்கிவிட்டார். காப்பை அவிழ்த்தார், பஞ்சாங்கத்தைப் புரட்டினார். முதலிலிருந்து ஆரம்பிக்க அடுத்த நல்ல நாளுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது? நாள் பார்க்காமல் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட ஒருவரையும் அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. பன்னிரண்டு நாளும் நிம்மதியாகத் தூங்கினார். தொட்டியில் பாசி காய்ந்து உரிந்தது. ஆடு மேய்க்கும் பேச்சி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் ஊருணிக்கு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

இரண்டாம் தடவை பதினேழாம் நாள் காய்ச்சல் வந்து கெடுத்தது. மறுபடி காப்பு அவிழ்ந்தது. வளர்பிறைக்குக் காத்திருந்தார்.

மூன்றாம் தடவை முப்பது நாள் ஓடியது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கோமுவுக்குப் போன் போட்டு, "தலகாணிய உள்ள வையி" என்று அதட்டலாகவே சொன்னார்.

மறுநாள் காலை கண் விழித்தபோது முகத்தில் வெயில் அடித்தது.

அவர் காலைப் பலகாரத்துக்கு வரவில்லை. காப்பை அவிழ்த்துப் போட்டுவிட்டுப் பையைக் கட்டினார். கட்டி முடித்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். அழுகை வரும்போல இருந்தது. அறுபது வயசில் இதற்கெல்லாம் அழுவதா என்ற வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மதியம் ஆனது. எவ்வளவு துக்கமானாலும் வயிறு விடுமா? ரசம் தாளிக்கும் வாசனை வந்ததும் எழுந்து அடுக்களைப் பக்கம் போனார்.

"சாப்பாடு ஆச்சா அம்மா?"

"ஆச்சு."

"எனக்கு எலை போடலையே?"

"காலைல நீங்க சாப்பிட வரலையே அண்ணாச்சி."

"மனசு சரியில்ல. சாயந்தரம் பஸ்ஸுக்கு ஊருக்குப் போயிரலாம்னு இருக்கேன்."

"போகலாம். ஆனா சாப்பாடு முறிஞ்சுபோச்சே."

"சாப்பாடு முறியுமா?"

"தெனமும் மூணு வேளை விடாமச் சாப்பிட்டு வந்திய. இன்னைக்கு ஒரு வேளை தவறிட்டு. இனிமே புதுசாத்தான ஆரம்பிக்கணும்?" என்று சொல்லிக்கொண்டே, ஆணியில் தொங்கிய அவருடைய பஞ்சாங்கத்தை எடுத்தாள். "நாளைக்கு அஷ்டமி. திங்கக்கெழமை நவமி. அதுக்கடுத்து செவ்வா, அது வேண்டாம். புதன் கரிநாள். வியாழன் உங்களுக்குச் சந்திராஷ்டமம். வெள்ளிக்கெழமை நல்லா இருக்கு. அன்னைக்கு எலை போடுதேன்."

ஆவுடையப்பன் சிரித்தார். உலகம்மாள் சிரிக்கவில்லை. சாதப் பானையை எடுத்து மூடி வைத்தாள்.

"வெளையாடாதிய அம்மா. வயித்துக்கு நாளும் கெழமையும் தெரியுமா?"

சொன்னவர் அப்படியே நின்றார்.

வெளியே மணிச் சத்தம் கேட்டது. பேச்சியின் ஆடுகள் தொட்டியைச் சுற்றி முட்டிக்கொண்டு நின்றன. ஒரு கிடா தொட்டிக்குள் தலையை விட்டு வெறும் கல்லை நக்கியது.

"வாங்க, வாங்க. இன்னைக்கு ஊருணிதான்" என்று பேச்சி கம்பை ஓங்கினாள்.

"ஏ பேச்சி! செத்த நில்லு!" என்று கத்திக்கொண்டே ஆவுடையப்பன் ஓடினார். செருப்புப் போட மறந்துவிட்டார். உச்சி வெயிலில் கிணற்றடிக் கல் காலைச் சுட்டது. வாளியை இறக்கினார், இழுத்தார், ஓடிப்போய் ஊற்றினார். ஆடுகள் அவர் காலுக்குள்ளே புகுந்து முண்டின. ஊற்ற ஊற்றக் குடித்தன.

"என்ன சாமி, மத்தியானத்துல எறைக்கிய?" என்றாள் பேச்சி.

பொய் ஒன்றும் தோன்றவில்லை. "தூங்கிட்டேன் தாயி" என்றார்.

"நானுந்தான் செல நாளு அசந்துருவேன். அதுக்குன்னு இதுகளப் பட்டியிலயே போட்டு வைக்க முடியுமா?" என்று அவள் ஆடுகளைத் தட்டிவிட்டு நடந்தாள்.

கடைசி ஆடு போகும்வரை ஆவுடையப்பன் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் கயிறு உரசி எரிந்தது. ஆனாலும் காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எங்கே போனதென்று தெரியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பி வந்தபோது இலை போட்டிருந்தது. சோறு ஆவி பறந்தது. உட்கார்ந்தார். இரண்டு தடவை ரசம் வாங்கினார். மோர் சாதம் பிசையும்போதுதான் பழைய எழுத்தர் எட்டிப் பார்த்தார்.

"அம்மா."

"சொல்லுங்க."

"ஒரு சந்தேகம். இன்னைக்கு எத்தனாவது நாளுன்னு வைக்க? ஒண்ணா, முப்பத்தொண்ணா?"

உலகம்மாள் மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தாள்.

"தொட்டியில பாதிதான் கெடக்கு அண்ணாச்சி. மாடுக இனிமேத்தான் வரும்."