கடைசித் தலைவரின் வாய் தவறிய சொல்

"அம்மா, என்னை எதுக்குப் பத்து வருஷம் அந்த நாற்காலியில உட்கார வச்சாங்க?"

சிவக்கொழுந்து வந்து நின்றதும் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அலர்மேல் அம்மை மோர் கடைந்துகொண்டிருந்தார். மத்தை நிறுத்தவில்லை.

"நாற்காலி நல்லா இருந்துச்சா, தலைவரே?"

"விளையாடாதீங்கம்மா. தலைவரேன்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

சீடருக்கு வயது எழுபத்தொன்று. குருவுக்கு நாற்பத்து நான்கு. புதிதாக வருகிறவர்கள் சிவக்கொழுந்தின் காலில் விழப்போய் அசடு வழிவது அம்மையின் ஆசிரமத்தில் வாடிக்கை.

மேட்டுநாடு, ஆற்றுநாடு, கடல்நாடு மூன்றும் ஒரே கூட்டாட்சியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதன் கடைசிக் குடியரசுத் தலைவர் இவர்தான். அது கலைந்து பதினோரு வருடம் ஆகிறது.

தலைவர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். படை, வரி, போலீஸ் எல்லாம் மூன்று முதல்வர்கள் கையில். கூட்டாட்சி அவை கூடும்போது இவர் எழுந்து "வாங்க" என்பார். மூவரும் தொண்டை வறளச் சண்டை போடுவார்கள். முடிந்ததும் இவர் எழுந்து "போய்ட்டு வாங்க" என்பார். அவ்வளவுதான் உத்தியோகம்.

சட்டத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது. அவை முடிவில் தலைவர் சொல்லும் சொல் மூன்று நாட்டுக்கும் ஆணை. எந்தப் புண்ணியவான் அதை எழுதிவைத்தானோ தெரியாது. "போய்ட்டு வாங்க" என்பதை ஆணையாக வைத்துக்கொண்டு யார் என்ன செய்துவிட முடியும்?

"கடைசி நாள் நடந்ததைத்தான் சொல்லியிருக்கேனேம்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க. வெண்ணெய் திரளட்டும்."

"மூணு பேரும் பிரிஞ்சு போறதுன்னு முடிவாயிடுச்சு. 'கூட்டாட்சி இத்துடன் கலைந்தது'ன்னு நான் சொல்லணும். காகிதத்துல எழுதிக் கையில குடுத்துட்டாங்க. எழுந்தேன். மூணு பேரும் என் முகத்தைப் பார்க்காம மேல்துண்டைச் சரிசெஞ்சுக்கிட்டுக் கிளம்பறாங்க. வாசல் வரைக்கும் போயிட்டாங்க. நான்..."

அவர் குரல் இறங்கியது.

"நான் 'போய்ட்டு வாங்க'ன்னுட்டேன்."

"ம்."

"வானொலியில அப்படியே போச்சு. சிரிக்காத ஆள் இல்லை. மறுநாள் பேப்பர்ல என் படத்தைப் போட்டு, கையில ஒரு தாம்பூலத் தட்டையும் குடுத்திருந்தாங்க, கல்யாண வீட்டு மாமா மாதிரி. அன்னைக்குப் பேப்பர் படிக்கறதை விட்டவன்தான். பத்து வருஷத்துல உருப்படியா சொல்ல ஒரே ஒரு வாக்கியம். அதையும் சொதப்பினேன்."

இந்த வெட்கத்தால்தான் அவர் ஆசிரமத்துக்கு வந்து நான்கு மாதமாகியும் கூப்பிடு தூரத்தில் இருந்த ஆற்றுப் பாலத்தின் பக்கம் தலைகாட்டவில்லை. பாலத்தின் நடுவில் எல்லை. யாராவது அடையாளம் கண்டு சிரித்துவிட்டால்?

அவர் மடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"நேத்து வந்துச்சு. மூணு அரசும் சேர்ந்து எழுதியிருக்காங்க. அன்னைக்குச் சொன்னது வாய் தவறி வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். பழைய ஆவணத்தைச் சரிசெய்யறாங்களாம். இன்னைக்குத் தபால்ல அனுப்பணும். போட்டுட்டா என் மானமும் ஒரு வழியா அடங்கிடும். போடட்டுமாம்மா?"

அம்மை வெண்ணெயை வழித்து வைத்தார். மோரைத் தூக்குவாளியில் ஊற்றினார்.

"பேனா இருக்கா?"

"இருக்கு."

"அதையும் எடுத்துக்குங்க. இந்த வாளியையும் தூக்குங்க. பாலத்துக்குப் போகணும்."

"அங்கயா? நானா?"

"கனமா இருந்தா நான் தூக்கறேன்."

அவர் தூக்கினார்.

பாலத்தின் நடுவில் ஒரு மூங்கில் குறுக்கே கிடந்தது. பக்கத்தில் ஒரு மேஜை. காவலர் காத்தமுத்து மூங்கிலைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தார். வரிசையில் பத்துப் பதினைந்து பேர்.

கைக்குழந்தையோடு ஒருத்தி முன்னால் போனாள். அக்கரையில் தாய்வீடு.

"போய்ட்டு வாங்க," என்றார் காத்தமுத்து. மூங்கில் எழுந்தது.

கண்ணில் கட்டுப்போட்ட ஒருவர். அக்கரையில் வைத்தியம்.

"போய்ட்டு வாங்க."

உளிப்பை தொங்கும் இரண்டு தச்சர்கள்.

"போய்ட்டு வாங்க."

சிவக்கொழுந்து வாளியோடு ஓரமாக ஒதுங்கினார். தன்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார். அப்படியும் இல்லை, யாரும் சிரிக்கக் காணோம்.

"ஏம்ப்பா," என்று கேட்டார், "சீட்டு எதுவும் கேக்காம விடறியே?"

"ஆர்டர் ஐயா."

"யார் ஆர்டர்?"

காத்தமுத்து மூங்கில் பிடித்த கையாலேயே மேலே காட்டினார். தூணில் ஒரு பலகை. நீலத்தில் வெள்ளை எழுத்து, ஈரம் காயாதது போல் பளிச்சென்று இருந்தது.

போய்ட்டு வாங்க.
இப்படிக்கு, தலைவர்.

"கடைசித் தலைவர் போட்ட ஆர்டர். போறவங்க திரும்பி வரலாம், வந்தவங்க திரும்பிப் போகலாம். மூணு நாட்டு எல்லையிலயும் இதான் சட்டம். பொங்கலுக்குப் பொங்கல் இக்கரைக்காரங்க பெயிண்ட் வாங்கியாருவாங்க, அக்கரைக்காரங்க எழுதுவாங்க."

"அதை... மாத்த முடியாதா?"

"மேலிடத்துல மாத்தணும்னுதான் துடிக்கறாங்க. அவைதான் கலைஞ்சு போச்சே. அந்த மனுஷனே கையெழுத்துப் போட்டாத்தான் உண்டாம். போட்டாருன்னா அன்னைக்கே மூங்கிலை எடுத்துட்டுச் சுவர் வச்சிருவாங்க. அவரு எங்க இருக்காரோ, நல்லா இருக்கட்டும். எங்க அக்கா அக்கரையில வாக்கப்பட்டவ. அவ பிள்ளைக்குக் காது குத்தினப்ப என் மடியிலதான் உட்கார வச்சாங்க. இந்தப் பக்கம் ஒரு நாள் வந்தாருன்னா, ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுத்துரணும்."

சிவக்கொழுந்தின் மடியில் இருந்த கடிதம் சுட்டது.

"தம்பி, அது அவர் வாய் தவறிச் சொன்னதுன்னு பேசிக்கிட்டாங்களே."

காத்தமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எவன் சொன்னான்? வாய் தவறினா 'போங்க'ன்னுல்ல வரும்?"

வரிசையில் நின்றவர்கள் ஆமாம் என்றார்கள்.

சிவக்கொழுந்து வாளியைக் கீழே வைத்தார். பதினோரு வருடமாக நெஞ்சில் கிடந்தது அப்போது இளகிக் கண் வழியே வந்தது. பலகையைப் பார்த்துக் கும்பிடுவதா, மூங்கிலைப் பார்த்துக் கும்பிடுவதா என்று தெரியாமல், மொத்தமாகக் கும்பிட்டார். காத்தமுத்து பயந்துபோய்த் தண்ணீர்ச் சொம்பை நீட்டினார்.

பிறகு சிவக்கொழுந்து மேஜையில் கடிதத்தை விரித்தார். ஒரு வரி எழுதினார்.

'வாய் தவறவில்லை.'

கீழே கையெழுத்துப் போட்டார். காத்தமுத்து எட்டிப் பார்த்தார். பெயரை எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்தார். பலகையை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் பெயரைப் படித்தார். பின்பு டீக்கடையைப் பார்த்து ஓடினார்.

மூங்கிலைப் பிடிக்க ஆளில்லை. சிவக்கொழுந்து பிடித்துக்கொண்டார்.

"நாலு மாசமா உங்ககூட இருக்கேன்," என்றார் அம்மையிடம். "முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பாலத்துப் பக்கமே வரலையே."

அம்மை குனிந்து மோர் வாளியை எடுத்துக்கொண்டார்.

"மோர் யாருக்கும்மா?"

"எங்க அம்மாவுக்கு. அக்கரையில படுத்த படுக்கையா இருக்காங்க. பதினோரு வருஷமா தினமும் போய் ஒரு வாய் ஊட்டிட்டு வரேன்."

அம்மை வாளியை மறுபடி கீழே வைத்தார். குரு என்ற நினைப்பில்லாமல், அத்தனை பேர் முன்னால், கிழவரின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுந்து வாளியைத் தூக்கி மூங்கில் அருகே போய் நின்றார்.

"வரேன், தலைவரே."

மூங்கில் எழுந்தது. அம்மை நகரவில்லை. பின்னால் இருந்தவர்களும் நகரவில்லை.

சிவக்கொழுந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"போய்ட்டு வாங்க."